இக்குயோ அக்காவின் முட்டி

குனிந்து, வெள்ளைக் கையுறை போட்ட கட்டைவிரலால் பூட்ஸின் அடிப்பாகத்தை அமுக்கிப் பார்க்கிறார் இக்குயோ அக்கா. பூட்ஸுக்குச் சொந்தக்காரர் ஸ்டேஷன் பெஞ்சில், லாடம் அடிக்கக் காலைக் கொடுத்த மாடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"எந்த வருஷத்துது இது?"

"ரிட்டையர் ஆனப்போ வாங்கினது. ஒரே ஒரு வாட்டிதான் போட்டிருக்கேன். புத்தம் புதுசு."

"அதாங்க தப்பு. தெனமும் போட்டிருந்தா உயிரோட இருந்திருக்கும். அலமாரியில வச்சு வச்சே கொன்னுட்டீங்க. முதல் கோயில் தாண்டறதுக்குள்ள அடி வாயைப் பொளந்துரும், பாருங்க."

அவர் சொன்னால் பொளந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் நல்ல பூட்ஸை விலை கொடுத்து வாங்கி, நல்ல நாளுக்கென்று பத்து வருடம் பூட்டி வைத்து, நல்ல நாளன்று மலைப்பாதையில் வெறும் காலுறையோடு நிற்கிறவர்கள். அதனால் அக்காவின் பையில் மருந்தைவிட ஒட்டுநாடாதான் அதிகம். பூட்ஸை முன்கூட்டியே நான்கு சுற்று சுற்றிவிட்டு, அடுத்த காலுக்கு நகர்ந்துவிடுவார். முகத்தைப் பார்ப்பதெல்லாம் பிறகுதான். வருகிறவர்களின் பெயர் அவருக்கு மறந்துபோகும். பூட்ஸ் மறக்காது.

நாரா நகருக்குத் தெற்கே எங்கள் மலையில் நடைச் சங்கம் நடத்தும் ஒருநாள் யாத்திரைக்கு இக்குயோ குசுமோட்டோதான் வழிகாட்டி. காலையில் ஒரு புத்தர் கோயில், மதியம் மலைமுதுகில் சாப்பாடு, இறக்கத்தில் தண்ணீர்ச் சாமியின் சன்னதி, மாலை நான்கு மணிக்கு மறுபக்க ஸ்டேஷன். பதினோரு கிலோமீட்டர். நான் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பின் ஒன்பது வருடமாக இந்த வரிசையின் கடைசி ஆள். பின்தங்குகிறவரைத் தள்ளிக்கொண்டு வருவதும், எல்லோருடைய முத்திரைப் புத்தகத்தையும் வாங்கி, கோயில் முத்திரை குத்தித் தரும் அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும் என் வேலை. அக்கா எனக்கு வைத்த பெயர் 'வாலு'. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பெயர் எனக்கு.

முப்பத்தொரு வருடம் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக இருந்தவர். பஸ் போய்விட்டது, கையுறை போகவில்லை. எதையும் விரலால் சுட்ட மாட்டார். ஐந்து விரலையும் சேர்த்து, உள்ளங்கையை மேலே திருப்பி, தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல் ஒரு மரத்தைக் காட்டுவார். பயணிகளுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது பஸ் காலத்துப் பாடம். அதனால் கல்படிகளில் பின்புறமாகவே ஏறுவார். எழுபது படி, நூறு படி, திரும்பிப் பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல், மூச்சும் வாங்காமல். முதல்முறை வருகிறவர்கள் கோயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் காலைத்தான் பார்ப்பார்கள்.

தலை எண்ணுவதும் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு திருப்பத்திலும் விரல்களை உள்ளே மடக்கி மடக்கி எண்ணுவார். கணக்கு சரியாக இருந்தால் கையை ஒருமுறை உதறுவார். சாப்பாட்டு நேரத்தில் உட்கார மாட்டார். இரண்டு சோற்று உருண்டை, உள்ளே ஒரு உப்புப் பிளம், நின்றபடியே ஆறு வாய். "உக்காந்தா முட்டி வீடு கட்டிக்கும்" என்பார். முட்டி வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "முட்டிக்கு வாய் கிடையாதுங்க. நீங்களா குடுக்காதீங்க." ஸ்டேஷன் மேம்பாலப் படிகளை இரண்டிரண்டாகத்தான் ஏறுவார். நான் கைப்பிடியைப் பிடித்து மேலே போய்ச் சேரும்போது அவர் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். அவருடைய ஒரே கர்வம் அந்தக் கால்கள்.

இந்த வருட இலையுதிர் காலத்தில் அவருக்கு எழுபது நிறைகிறது. எழுபதைத் தொடும் வழிகாட்டியை ஒருமுறை கூடவே நடந்து பார்த்துவிட்டுத்தான் வழிகாட்டிக் கொடியை மறுபடி கையில் கொடுப்பது என்று சங்கத்தில் புதிதாக ஒரு விதி. அப்படிப் பார்ப்பதற்காகப் போன மே மாதத்து நடைக்கு ஷிமோசே என்ற அம்மாள் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல மனுஷிதான், ஆனால் கையில் அட்டையும் தாளும் இருந்தன. கால் தடுமாறுகிறதா, உட்கார இடம் தேடுகிறாரா என்று கட்டம் போட்ட தாள். அன்று அக்கா எங்கேயாவது உட்கார்ந்தால் மலை அவருக்கு அதோடு சரி.

"வாலு, இன்னிக்கு நீங்க எங்கயாவது விழுந்து வைக்காதீங்க. என் பேருலதான் எழுதுவா" என்று காலையிலேயே என்னை எச்சரித்துவிட்டார்.

அன்றைக்குப் பன்னிரண்டு பேர், ஷிமோசேயோடு பதிமூன்று. அதில் ஒருவர் முரோயி ஐயா. எழுபத்தெட்டு வயது, அச்சகம் வைத்திருந்தவர். பத்து வருடமாக மே நடைக்கு மனைவி ஃபுசாயேயோடு வருவார். அக்காவுக்கு நேர் பின்னால் இருவரும் ஜோடியாக நடப்பார்கள். அன்று தனியாக வந்திருந்தார்.

"மஞ்ச நாடா எங்கே, காணோம்?" என்று பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் கேட்டார். ஃபுசாயே அம்மா பூட்ஸுக்கு மஞ்சள் நாடா கட்டுவார், எல்லோருக்கும் தெரியும்.

"அவளுக்குச் சளி. வீட்டுல படுத்திருக்கா" என்றார் முரோயி ஐயா. "பேரு குடுத்தாச்சே, ரெண்டு பேரும் வரலேன்னா உங்களுக்கெல்லாம் சிரமம்."

அக்கா அவர் காலருகே குனிந்தார். அமுக்கிப் பார்க்கவில்லை. "வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க" என்று எழுந்தார்.

கோயிலில் எல்லோரும் பதினொரு முகத் தேவியின் முன் கைகூப்பிக்கொண்டிருக்க, நான் முத்திரைப் புத்தகங்களோடு அலுவலகத்தின் முன் நின்றேன். எனக்கு முன்னால் முரோயி ஐயா. ஒரு தாளை மடிப்புப் பிரித்துத் துறவியிடம் நீட்டினார். பார்க்கக்கூடாதுதான், பார்த்துவிட்டேன். அதில் இருந்தது ஒரு பெண்ணுக்கு இறந்தபின் மடத்தில் வைக்கும் நீளப் பெயர். கீழே தேதி. விரல் மடக்கிப் பார்த்தேன், முப்பத்தெட்டாம் நாள். துறவி தலை குனிந்து வாங்கி, ஓதுகிறேன் என்றார். முரோயி ஐயா திரும்பி என்னைப் பார்த்து, "சளி சீக்கிரம் போகணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன்.

புத்தர் கோயிலில் குறையொன்றும் இல்லை. இறந்தவர்கள் புத்தரின் பொறுப்பு. ஆனால் சாமி சன்னதியின் சிவப்பு வாசலுக்குள் துக்க வீட்டுக்காரர் நாற்பத்தொன்பது நாள் நுழைவதில்லை. தீட்டு. தாண்டிப் போனால் சாமிக்கு ஆகாது. வாசலிலேயே நின்றுவிட்டால் ஏன் என்று பதினோரு பேர் கேட்பார்கள், உண்மையைச் சொல்ல வேண்டும், எல்லோருடைய மே மாதமும் கெட்டுப்போகும். இந்த இரண்டில் எதைச் செய்வார் இவர்?

மலைமுதுகில் சாப்பாட்டின்போது அக்காவிடம் மெல்லப் போய்ச் சொன்னேன்.

"தெரியும்" என்றார், சோற்று உருண்டையை மென்றபடி. "அவர் பூட்ஸைப் பாக்கலியா? மஞ்ச நாடா. சளி புடிச்ச பொம்பள நாடாவக் கழட்டிக் குடுக்க மாட்டா."

அப்போதுதான் பார்த்தேன். பழுப்பு நிற ஆண்கள் பூட்ஸில் மஞ்சள் நாடா, இரட்டை முடிச்சு.

"தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடலாமே?"

"என்னன்னு? நீங்க மறைக்கிறது எனக்குத் தெரியும்னா? வாயை மூடிக்கிட்டு வாங்க, வாலு. வாசல்ல பாத்துக்கலாம்."

இறக்கத்தில், காலையில் ஸ்டேஷன் பெஞ்சில் அக்கா சொன்னபடியே தரூமி என்பவரின் புத்தம்புது பூட்ஸ் வாயைப் பிளந்தது. கோயிலைத் தாண்டியும் இவ்வளவு தூரம் தாங்கியதால் அவர் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள், முரோயி ஐயாவும். ஷிமோசே, "பின்பக்கமா நடக்கிறது விதியில இல்லீங்க அக்கா, ஆனா நீங்க நடந்தா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஏதோ ஒரு கட்டத்தில் சரி போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான்.

தேவதாரு மரங்களுக்கு நடுவே சிவப்பு வாசல் வந்தது. அக்கா ஓரமாக நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டி, தண்ணீர்ச் சாமியின் கதையைச் சொல்லி முடித்தார். வழக்கப்படி தலை குனிந்துவிட்டு ஓர் அடி உள்ளே வைத்தார். அவருக்குப் பின்னால் முரோயி ஐயா. அவரும் தலை குனிந்தார். நிமிர்ந்தார். அங்கேயே நின்றார். வலது கால் லேசாக எழும்பியது, பழைய இடத்திலேயே இறங்கியது. பின்னால் பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். "என்ன ஐயா, சாமி கூப்பிடலியா?" என்று தரூமி கேலியாகக் கேட்டார். முரோயி ஐயாவின் கழுத்து சிவந்தது. வாயைத் திறந்தார்.

"ஐயோ, என் முட்டி!"

கத்தியது இக்குயோ அக்கா. வாசலுக்கு வெளியே வந்து, படிக்கல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் மலையில் யாரும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஷிமோசே ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, புடிச்சுக்கிச்சு. அப்பப்போ வரும். நீங்கல்லாம் உள்ள போயிட்டு வாங்க. வாலு கூட்டிட்டுப் போவாரு. முரோயி ஐயா, நீங்க மட்டும் கொஞ்சம் எனக்குத் துணைக்கு இருங்க. தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க."

அப்பப்போ வருமாம். அந்த வார்த்தையை வேறு எதற்குச் சேர்த்தார்! ஷிமோசேயின் பேனா நகர்வதைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, ஒருமுறை குனிய வேண்டும். ஒன்பது வருடம் பார்த்தவன், முதலிலேயே கை தட்டிவிட்டேன். எனக்குப் பின்னால் எல்லோரும் அப்படியே தட்டினார்கள்.

திரும்பி வந்தபோது அக்காவின் கால்சட்டை ஒருபக்கம் முழங்கால்வரை சுருட்டியிருந்தது. முரோயி ஐயா மண்டியிட்டு, பழைய பூப்போட்ட பை ஒன்றிலிருந்து வலி பிளாஸ்திரி எடுத்து, மேலிருந்த தாளை உரித்து முட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபுசாயே பையில எப்பவும் கிடக்கும்" என்றார் பொதுவாக. "மலைக்குன்னா இதில்லாம கிளம்ப மாட்டா. யாருக்காவது ஆகும்பா."

"ஆச்சு பாருங்க" என்றார் அக்கா. "என் கடனைத் தீர்க்க நானே நேர்ல வர்றேன்னு சொல்லுங்க. சளி விட்டதும்."

"வாங்க" என்றார் முரோயி ஐயா. "பதினோரு நாள் கழிச்சு வாங்க. அன்னிக்கு வீட்டுல கொஞ்சம் பேர் வருவாங்க."

அக்கா தலையைக் குனிந்தார்.

கடைசி இரண்டு கிலோமீட்டரும் அவர் நொண்டினார். அதுவும் அரைகுறையாக இல்லை. படிக்குப் படி இடது காலை இழுத்து வைத்து, முன்பக்கமாகவே நடந்து, கைப்பிடியைப் பிடித்து. முரோயி ஐயா ஒரு கையைக் கொடுத்துக்கொண்டே வந்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம், யாரையோ தாங்கி நடக்கிற வேலை கிடைத்ததும் கொஞ்சம் இளகியிருந்தது.

ஸ்டேஷனில் நான் பொறுக்கமாட்டாமல் அக்காவின் காதருகே போனேன். "ஷிமோசேகிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா எழுதுவா. எழுதினா சங்கத்துல எட்டுப் பேர் படிப்பாங்க. அவர் வீட்டுச் சாவை அவரே சொல்லட்டும்."

ஷிமோசே அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அக்கா, அடுத்த வருஷம் ஊருக்குள்ளயே தட்டையா ஒரு வழி யோசிக்கலாம். படி இல்லாம. உங்க கதைக்காகவே ஆளு வரும்."

"யோசிங்க" என்றார் அக்கா.

நாராப் பக்கம் போகும் ரயில் வந்தது. எல்லோரும் அதில்தான் ஏறினார்கள். அக்கா ஜன்னல் ஜன்னலாக விரல் மடக்கி எண்ணி, கையை உதறினார். ரயில் நகர்ந்ததும் இரண்டு கையுறைகளையும் உயர்த்தி ஆட்டினார். முரோயி ஐயா கண்ணாடிக்குப் பின்னால் நின்று, உட்காருங்கள், உட்காருங்கள் என்று கையால் சைகை காட்டினார். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படிந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

பிறகு எழுந்தார். மலைப்பக்கம் போகும் எங்கள் இருவருடைய ரயில் எதிர்ப் பிளாட்பாரத்தில். மேம்பாலத்தில் இரண்டிரண்டு படியாக ஏறத் தொடங்கினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து பார்த்தேன். சுருட்டிய கால்சட்டையை அவர் இன்னும் இறக்கிவிடவில்லை. பாதிப் படியில் பிளாஸ்திரியின் ஒரு முனை பிரிந்து காற்றில் ஆடியது. நின்றார், குனிந்தார், வெள்ளைக் கையுறையின் கட்டைவிரலால் அந்த முனையை நன்றாக அமுக்கி ஒட்டிவிட்டு, மேலே ஏறிப் போனார்.