ஈதர் அறையில் என் முதல் நோயாளி

வேலூரில் நான் மருத்துவம் படித்த காலத்தில், மூன்றாம் வருஷம்தான் எங்களை ஆபரேஷன் அறைக்குள் விட்டார்கள். கத்தியைத் தொடுவதற்கு அல்ல, நோயாளியின் தலைமாட்டில் நின்று, மயங்கவைக்கும் ஈதர் கொடுக்கப் பழகுவதற்கு. என்னோடு வந்த மூன்று பெண்களுக்கும் அது பெருமையாக இருந்தது. எனக்கு அன்று காலையில் கஞ்சிகூட இறங்கவில்லை.

எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த டாக்டரம்மா எங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். சிரிக்கமாட்டார். எங்களை ஜன்னலோரமாக நிறுத்தி, கையிலிருந்த கம்பிக் கூட்டைக் காட்டினார். மூக்கையும் வாயையும் மூடும் அளவுதான் இருக்கும். அதன்மேல் மெல்லிய துணி பல மடிப்பாகப் போர்த்தியிருந்தது.

"முதல்ல நீங்க மோந்து பாருங்க. நோயாளிங்க எதுக்குத் திமிர்றாங்கன்னு அப்பத்தான் புரியும்."

என் முறை வந்தது. துணியில் ஈதர் சொட்டு விழுந்ததும் தித்திப்பும் காரமும் கலந்த நெடி தொண்டையை இறுக்கியது. காதுக்குள் தூரத்து ரயில் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல். நாலு மூச்சுக்குள் கூட்டைத் தள்ளிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ தள்ளிட்டே. அவங்க கையைக் கட்டியிருப்போம், தள்ள முடியாது. ஞாபகம் வச்சுக்கோ" என்றார். பிறகு, "வயித்துல என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்கக் கூடாது. நீ பாக்கவேண்டியது மூஞ்சி. மருந்து ஜாஸ்தியானா மூச்சு நின்னுடும். கம்மியானா கத்தி பட்டதும் எழுந்துடுவாங்க."

"எவ்வளவு போதும்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பயம் கொஞ்சமல்ல.

மறுநாள் ஆபரேஷனுக்கு இருந்த பெண்ணின் மார்பையும் நாடியையும் பார்த்துவரச் சொல்லி அன்று பிற்பகல் என்னை வார்டுக்கு அனுப்பினார்கள். ஆம்பூரிலிருந்து வந்தவர். கணவர் தோல் மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். வயிற்றில் கட்டி, ஆறுமாதக் கர்ப்பம்போல் தெரிந்தது. வயதும் ஏறக்குறைய என் வயதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் பல் ஆடுகிறதா, இருமல் உண்டா என்று கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். மாமியார் தண்ணீர் பிடிக்கக் கூஜாவோடு எழுந்து போனதும் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டாக்டரம்மா, மயக்கத்துல மனசுல இருக்கிறதெல்லாம் உளறிடுவாங்களாமே. நெசமா?"

"நான் டாக்டர் இல்லீங்க, படிக்கிறேன். சில பேர் பேசுவாங்க. அர்த்தமிருக்காது."

"அர்த்தம் இருந்தா?" விரல்கள் இறுகின. "நான் இன்னா சொன்னாலும் எங்க மாமி காதுக்குப் போகக்கூடாது. உங்க காதோட இருக்கணும். சொல்லுங்க, இருக்குமா?"

இருக்கும் என்றேன். என்ன விஷயம் என்று கேட்கத் தைரியமில்லை. ஆபரேஷன் அறைக்குள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் வாயை நான் எப்படி மூடுவேன் என்பதும் அப்போது தோன்றவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றியது. மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

காலையில் அவரை அழைத்துப் போகும்போது மாமியார் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "மூச்சைப் பாக்கிறது நீதானாமே, பேட்டா. ஜாக்கிரதையா பாத்துக்கோ. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு." அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

டாக்டரம்மா சொட்டு விட, நான் தாடையைத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று ஏற்பாடு. கண்ணை ஈரத் துணியால் மூடி, ஈதர் பட்டு எரியாமலிருக்கக் கன்னத்தில் வாசலைன் தடவினோம். "ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்றார் டாக்டரம்மா. அந்தப் பெண் உருதுவில் எண்ணத் தொடங்கினார். ஏக், தோ, தீன். பதினொன்றோ பன்னிரண்டோ வரும்போது குரல் குழறியது. உடனே திமிறல். தலை என் கைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. பிறகு பேச்சு. உருதுவில் வேகவேகமாக என்னவோ சொன்னார். அரக்கோணத்தில் வளர்ந்த எனக்கு அதில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கடைசியில் திடீரென்று தெளிவான தமிழில், "என்னை எழுப்பாதீங்க, எழுப்பாதீங்க" என்றார்.

ரெண்டு பிள்ளைகளின் தாய் எழுப்பவேண்டாம் என்கிறார். இதைத்தான் மறைக்கச் சொன்னாரா?

கத்தி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் மூச்சுச் சத்தம் நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. "மூச்சு இல்லீங்க" என்று நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. டாக்டரம்மா கூட்டை எடுத்து வீசிவிட்டு, என் விரல்களின் மேலேயே தன் விரல்களை வைத்துத் தாடையை முன்னால் இழுத்தார். நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டிருந்த பெரிய டாக்டரம்மா வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் எங்களைப் பார்த்தபடி நின்றார். ஒரு முரட்டுக் குறட்டையோடு மூச்சு வந்தது. மெல்ல மெல்ல உதடு சிவந்தது. "இப்படியே பிடி. விடாதே" என்றார் டாக்டரம்மா. அவர் நெற்றியிலும் வியர்வை இருந்ததைப் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கட்டி முழுசாக வந்துவிட்டது. ஆனால் அவர் கண் விழிக்க நெடுநேரமாயிற்று. நான் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பாதீங்க என்ற குரல் போகவேயில்லை. பொழுது சாயும்போது புரண்டு, வாந்தியெடுத்து, தண்ணீர் கேட்டார். மாமியார் அழுதார்.

"மயக்கத்துல எதனா பேசினாளா?" என்று மாமியார் என்னைக் கேட்டார். அந்தப் பெண்ணின் கண்கள் என்மேல் நிலைத்தன.

"எண்ணிக்கிட்டே தூங்கிட்டாங்க" என்றேன்.

ரெண்டு நாள் கழித்து, மாமியார் தொழுகைக்காக அந்தப் பக்கம் போயிருந்தபோது, மயக்கத்தில் என்ன உளறினேன் என்று அந்தப் பெண்ணே கேட்டார். உள்ளதைச் சொன்னேன். உருதுவில் சொன்னது புரியவில்லை என்றும், எழுப்பாதீங்க என்று சொன்னது மட்டும் புரிந்தது என்றும்.

"அதுவா!" தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்ல எல்லாருக்கும் முன்னாடி நான்தான் எழுந்திருக்கணும். வெந்நீர் வைக்கணும், டீ போடணும். நிக்காஹ் ஆனதிலிருந்து ஒரு நாள்கூடத் தானா முழிச்சதில்ல, யாராவது எழுப்பி விட்டுட்டு மறுபடி படுத்துக்குவாங்க. சரியான பேஜாரு."

நானும் சிரித்தேன். எனக்கு அழுகைதான் வந்திருக்கவேண்டும், அவ்வளவு பாரம் இறங்கியது.

"உருதுல சொன்னது ஒண்ணும் புரியலியே?" என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தையல் பிரித்ததும் கணவர் ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அதற்குள் என் அடுத்த முறை வந்துவிட்டது. நெமிலிப் பக்கத்திலிருந்து வந்த வயல்வேலைக்காரி, மார்பில் கட்டி. இந்தத் தடவை சொட்டு விடும் பாட்டில் என் கையில். அந்த அம்மாள் எதையும் கேட்கவில்லை. திமிறவும் இல்லை. அவர் மூச்சு சீராகத்தான் போனது, நான்தான் என் மூச்சை விட மறந்து மறந்து நின்றேன். எல்லாம் முடிந்து பாட்டிலைக் கீழே வைத்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு மீதி என்று பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுவரச் சொன்னார்.