இறகா, சிறகா

வீட்டில் ஒரு பெயர், வேலை இடத்தில் ஒரு பெயர் என்று அவளுக்கு இருந்தாலும், இணையத்தில் நானூற்றுச் சொச்சம் பேருக்கு அவள் பெடலக்காதான். முகத்தை நேரில் பார்த்தவர்கள் அதில் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனாலும் அக்கா, அக்கா என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுவார்கள். கூப்பிடுவதோடு சரி. கேட்ட கட்டுரையை மட்டும் அனுப்ப மாட்டார்கள்.

பெடல் என்பது அவள் மேஜைக்கடியில் கிடக்கும் ஒரு கறுப்புக் கட்டை. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், ஆறு மேஜை போட்ட அறை. டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளை ஹெட்போனில் கேட்டு, நோயாளியின் கோப்புக்காக அப்படியே தட்டச்சு செய்வது அவள் வேலை. முன்பாதத்தால் மிதித்தால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் மூன்று விநாடி பின்னால் போகும். டாக்டர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பேசுவார்கள், எதையாவது மென்றுகொண்டு பேசுவார்கள், காரை ஓட்டிக்கொண்டே பேசி நடுவில் எவனையோ திட்டவும் திட்டுவார்கள். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. காது புளித்து, கணுக்கால் வீங்கி, வீட்டில் மாமியார் பேசும்போதுகூட அவள் குதிகால் தானாகத் தரையை அழுத்தும். "ஏம்மா, நான் என்ன மிஷினா?" என்று மாமியார் கேட்டே விட்டார்.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. காதில் சரியாக விழாத சொல்லை ஊகித்து எழுதக் கூடாது. கோடு போட்டுக் காலியாக விட வேண்டும். பேசினவர் வந்து நிரப்பிக்கொள்ளட்டும். இந்தச் சட்டத்தை அவள் ஆஸ்பத்திரியில் ஒருநாளும் மீறியதில்லை. மீறியது வேறோர் இடத்தில்.

அது ஒரு பாட்டுக் குழு விஷயம். ஐந்து பேர், இரண்டு ஆல்பம், பதினாறு பாட்டு. அப்புறம் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பாடகருக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு குரல். பெரிய பெயரெல்லாம் கிடையாது. ஆனால் யாருக்கு அந்தக் குரல் பிடித்துப்போனதோ அவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காமல் போனது. அவளும் அதில் ஒருத்தி. நாளெல்லாம் அடுத்தவர் நோவையே கேட்ட காதுக்கு, பேருந்தில் வீடு திரும்பும் நாற்பது நிமிஷம் அந்தப் பதினாறு பாட்டுதான் மருந்து.

பதினோரு வருஷத்துக்கு முன் இணையத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ரசிகர்களுக்கு என்று ஓர் இதழ் நடத்துவது, மூன்று மாதத்துக்கு ஒன்று, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம் என்று பேச்சு. முதல் இதழில் பதினாறு பாட்டின் வரிகளையும் போடுவது என்று முடிவானது. வரிகள் எங்கேயும் அச்சாகவில்லை. கேட்டு எழுத வேண்டியதுதான். கேட்டு எழுதுவதையே தொழிலாக வைத்திருந்தவளை விடுவார்களா? தலையில் கட்டிவிட்டார்கள்.

பதினைந்து பாட்டு ஒழுங்காக முடிந்தது. ஆறாவது பாட்டில்தான் வம்பு. 'கொஞ்சம் பொறு, நான் ஈர...' என்று பாடகர் இழுக்கும்போது, சரியாக அடுத்த எழுத்தின் மேல் டிரம்ஸ்காரர் தடாரென்று ஓர் அடி வைக்கிறார். வால் மட்டும்தான் கேட்கிறது: '...றகு.' இறகா, சிறகா? மற்ற எட்டுப் பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லையே இதழுக்குப் பெயராக வைக்கலாம் என்று வேறு ஒருவர் கிளப்பிவிட்டார். காலியாக விட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் காலிக் கோட்டையா பெயராக வைக்க முடியும்? நாலுக்கு நாலு என்று நின்றபோது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "தினமும் இதே வேலையா இருக்கிறவ நான். என் காது சொல்லுது, சிறகுதான்" என்று எழுதினாள். இதழுக்கு 'ஈரச்சிறகு' என்று பெயர் விழுந்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாட்டு, கூத்து எதிலும் ஒட்டாத மனுஷன். அந்த ஆறாவது பாட்டை அவள் இருபதாம் முறை ஓட்டும்போது, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "விறகுன்னுதானே பாடுறான்? ஈர விறகு. அதான் அடுத்த வரியில புகைஞ்சா கண்ணைத் துடைச்சுக்கோங்கிறான்" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா, ரசிகர் குழுவிலும் போட்டுவிட்டாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த மனுஷனுக்குப் பெயர் விறகு மாமா. "விறகு மாமா சௌக்கியமா?" என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறார்கள். பேராசிரியர் என்று பட்டப்பெயர் கொண்ட ஓர் உறுப்பினர் அந்தப் புகை வரிக்கு நாலு பக்கம் விளக்கம் எழுதினார். புகை என்பது சமூகமாம், அதில் நனைந்த சிறகோடு பறப்பது கலைஞனாம். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தன் முழங்கையில் சிறகைப் பச்சை குத்திக்கொண்டு படம் போட்டான்.

ஒன்பது பேர் நானூறு ஆனார்கள். ஆட்கள் கூடக்கூட எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். இதழ் வந்ததும் இதயம் போடுவார்கள், கும்பிடு போடுவார்கள், "சூப்பர்க்கா" என்பார்கள். கட்டுரை கேட்டால், "நாளைக்கு அனுப்பிடறேன்க்கா." அந்த நாளை வந்ததே இல்லை. கடைசி ஏழெட்டு இதழில் பாதியை அவளே புனைபெயர்களில் எழுதி ஒப்பேற்றினாள். வாசகர் கடிதங்களையும் அவளே எழுதினாள். ஒரு கடிதத்தில் ஆசிரியரைத் திட்டி, அடுத்த இதழில் ஆசிரியராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டதும் நடந்தது. சொன்னால் வெட்கக்கேடு.

இத்தனையையும் அவள் தூக்கிச் சுமந்தது ஒரே ஓர் ஆசைக்காக. அந்தப் பாடகர் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஒரு பேட்டி, இல்லையென்றால் ஒரு வரி. ஒவ்வோர் இதழையும் அவருக்கு அனுப்பி, தன் போன் நம்பரோடு ஒரு கடிதமும் வைப்பாள். நாற்பத்து மூன்று கடிதம் போயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை. இனி முடியாது, நாற்பத்து நாலாவது இதழோடு கடையைச் சாத்திவிடலாம் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக்கு 'இதுவே கடைசி இதழ்' என்று மட்டும் தட்டி வைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஒரு மத்தியான நேரம், சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள். அனுப்பியவர் ஒன்பது வருஷமாகக் குழுவில் வாயே திறக்காத ஓர் உறுப்பினர். தான்தான் அந்தப் பாட்டுக் குழுவின் டிரம்ஸ்காரர் என்றும், இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு படம். கோடு போட்ட நோட்டில் பாடகரின் கோழிக்கிறுக்கல்: 'கொஞ்சம் பொறு, நான் ஈர விறகு.'

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று எழுதியிருந்தார். "தப்பு என்னுதுதான், அந்த இடத்துல ஓங்கி அடிச்சுட்டேன். நீங்க ஏன் பேட்டி கிடைக்கலன்னு ஒவ்வொரு இதழ்லயும் எழுதுறீங்க, படிக்கப் பாவமா இருக்கு. உங்க முதல் இதழைப் பார்த்துட்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? என் பாட்டைச் சரியா கேக்காதவங்க கிட்ட நான் என்னத்தைப் பேசறது, நான் சிறகு கிறகுன்னு எழுதற ஆளான்னான். இதை நீங்க வெளிய சொல்லணும்னு இல்ல. உங்களுக்காவது தெரியட்டும்னுதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டப்பாவை அப்படியே மூடினாள். பதினோரு வருஷம் யாருடைய குரலுக்காகக் காத்திருந்தாளோ, அந்தக் குரலின் வாயை அடைத்ததே அவள் காதுதான். அழுகை வரவில்லை. வந்தது அசதிதான், எலும்பு வரைக்கும்.

நாலு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எளிதான வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. சிறகோடேயே கடைசி இதழைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. வெளியே சொன்னால் இதழின் பெயர் போச்சு, பேராசிரியரின் நாலு பக்கம் போச்சு, அந்தப் பையன் முழங்கையை எங்கே கொண்டு வைத்துக்கொள்வான்? எல்லாவற்றுக்கும் மேல் அவள் காதின் மானம் போச்சு. இத்தனை வருஷச் சாகுபடிக்கு அதுதான் மிச்சமா என்று நினைக்க நினைக்க வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் நாள் எலும்பு டாக்டர் அந்த ஆறு மேஜை அறைக்கே இறங்கி வந்தார். கையில் அவள் தட்டிய தாள்.

"யாரும்மா இதுல கோடு போட்டது?"

"நான்தான் சார். இடது முட்டியா வலது முட்டியான்னு கேக்கல. நீங்க அந்த இடத்துல இருமிட்டீங்க."

டாக்டர் முனகிக்கொண்டே பேனாவை எடுத்து, கோட்டின் மேல் 'இடது' என்று எழுதினார். "நல்லவேளை, நீயா எதையும் போட்டுடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆன நேரம் அரை நிமிஷம்கூட இருக்காது. அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது பாட்டிலும் கோடு போட்டிருந்தால் அந்தப் பாடகரும் பதினோரு வருஷத்துக்கு முன்பே வந்து நிரப்பியிருப்பாரோ என்னவோ. இடம்தான் கொடுக்கவில்லையே அவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும். அது விறகுதான்."

"எது?"

"அந்த ஆறாவது பாட்டு. எழுதினவர் நோட்டையே பார்த்துட்டேன். ஈர விறகு."

அவர் மென்றுகொண்டிருந்ததை முழுங்கினார். "அதான் புகையுதுன்னானே. சிறகு எங்கயாவது புகையுமா?"

"என்னடா சொல்றா அவ?" என்று மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. பதினோரு வருஷம் கழிச்சு நான் பாஸாயிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. "எல்லார் முன்னாடியும் உங்களைக் கேலி பண்ணிட்டேங்க" என்றாள். "விடு, மாமான்னு கூப்பிடவாவது நானூறு பேர் கிடைச்சாங்களே" என்று அவர் தட்டை நகர்த்தினார்.

நாற்பத்து நாலாவது இதழின் அட்டையில் சிறகுப் படம் இல்லை. 'ஈர' என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு காலிக் கோடும் மட்டும். முதல் பக்கத்தில் நோட்டின் படத்தைப் போட்டு, கீழே தன் சொந்தப் பெயரில் எழுதினாள்: 'கேட்டது நான். தப்பு என்னுடையது. காதில் விழாத சொல்லுக்குக் கோடு போட வேண்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். உங்கள் எல்லாருக்கும் முன்னால் அதை மறந்தேன். இந்தக் கோட்டை நிரப்ப வேண்டியவர் பாட்டை எழுதினவர்தான். என் வீட்டுக்காரரிடமும் நாம் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.' கடைசிப் பக்கத்தில் 'இதுவே கடைசி இதழ்' இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. உடம்பில் தெம்பில்லை, அதுதான் உண்மை.

அப்புறம் வந்தது பாருங்கள், கடிதம்! ஒரே வாரத்தில் அறுபத்தொன்று. எல்லாம் நிஜ மனிதர்கள் எழுதியது. பேராசிரியர் தன் விளக்கம் விறகுக்கும் பொருந்தும் என்று நாலு வரியில் சமாளித்துவிட்டுக் குழுவை விட்டே போனார். அவரோடு முப்பது பேர் போனார்கள். அன்று தோற்ற இறகுக் கட்சிக்காரர் ஒருவர், "நாங்க தோத்ததும் வீண், நீங்க ஜெயிச்சதும் வீண்" என்று எழுதினார். பச்சை குத்தியவன் முழங்கையைப் படம் பிடித்து, "இப்ப இதை என்னன்னு சொல்லட்டும்க்கா, கோழின்னா?" என்று கேட்டிருந்தான். எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் போட்டாள். திட்டு வாங்கினாலும் மனுஷக் குரலாக இருந்ததில் ஒரு நிம்மதி.

பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. பெயரில்லாத முகவரி.

"ஆறாவது பாட்டு இப்ப சரி. மத்ததுல இன்னும் ஒன்பது இடம் தப்பா இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நானே கூப்பிடறேன், எழுதிக்குங்க. கடைசி இதழ்னு போட்டிருக்கீங்களே, நான் இப்பத்தானே வரேன்."

"கடவுளே, ஒன்பதா!" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மூன்றரைக்கே மேஜை முன் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் ஒரு பழைய பெடல் உண்டு. பழக்கதோஷத்தில் அதையும் காலடியில் இழுத்துப் போட்டிருந்தாள். கணவர் கதவோரம் நின்றார். மாமியார் டி.வி.யை அணைத்தார். நாலடித்து இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது.

அதே சளிக்குரல். கொஞ்சம் வயசாகியிருந்தது.

"ரெண்டாவது பாட்டு, மூணாவது வரி. நீங்க வாசல்னு போட்டிருக்கீங்க. அது..."

சரியாக அந்த இடத்தில், போனின் அந்தப் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் குதிகால் தானாகப் பெடலை அழுத்தியது. ஒன்றும் பின்னால் போகவில்லை. குரல் தன்பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

விரல் பழக்கத்தில் கோடு போட்டது. அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "அந்தச் சொல்லு எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்றீங்களா?"