அம்மனுக்கு ஆகாத ஊசி

என் அண்ணியின் பதினேழு கோழிகளையும் கொன்றது நான்தான். நோய் அல்ல... நான்!

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கோழிக்குஞ்சின் வால்புறத்தில் ஒரு சிறு பை உண்டு. நோயை எதிர்க்கும் அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. அந்தத் திசுவைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் பணி. அது வளர்ந்துவிட்டால் உயிருள்ள குஞ்சுகளைத் துன்புறுத்தாமல் மருந்துகளைச் சோதிக்கலாம். நல்ல வேலைதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தாய்க்குப் போட்ட ஊசியின் எதிர்ப்புச் சக்தி குஞ்சுக்கும் வந்து சோதனையைக் குழப்பும் என்பதால், தடுப்பூசியே அறியாத தாய்க்கோழியின் குஞ்சுகள் எனக்கு வேண்டியிருந்தன. ஏரி நடுவே தீவாக இருக்கும் எங்கள் ஊர் பசியாவரத்தில் அண்ணி வளர்த்த கோழிகள் அப்படிப்பட்டவை. ஏரியில் இறால் படாத நாட்களில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த முட்டைகளால்தான்.

ஒருநாள் அண்ணி போனில் கூப்பிட்டாள். “மாலா, வெள்ளக்கழிச்சலுக்கு ஊசி போட வந்துகீறாங்க. போட்டுக்கட்டா?”

என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கே தெரியும்.

அந்தக் கூட்டில் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று இருந்தது. நேர்ந்த உயிருக்கு ஊனம் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

“ஊசி குத்துனா அம்மனுக்கு ஆவாது அண்ணி. அதுகூடக் கெடக்கிற கோழிக்கும் வேணாம்.”

படித்தவள் சொன்னேன்... நம்பிவிட்டாள்!

மாசியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. நான்கே நாளில் கூடு காலி, சேவலும் போயிற்று. ஊசி போட்ட பக்கத்து வீட்டுக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. “நேத்திக்கடன தள்ளிப் போட்டேன்ல, அதான் அம்மன் எடுத்துக்கிச்சு” என்று அண்ணி வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தாள். நான் வாயே திறக்கவில்லை. முன்பே கொண்டுவந்திருந்த அவள் குஞ்சுகளின் திசு, என் தட்டில் செழித்துக்கொண்டிருந்தது... வெட்கமாக இருக்கிறது!

அண்ணி மறுபடி ஆறு குஞ்சுகள் வாங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சென்ற ஞாயிறு, அதே கழிச்சலைத் தடுக்கக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். முதலில் உண்மை, பிறகுதான் மருந்து என்று படகிலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அண்ணி கேட்டாள். “அப்போ இத்தினி வெள்ளிக்கெழமையும் நான் யாருக்குப் பட்டினி கெடந்தேன்?”

ஐஸ் பெட்டியைத் திறந்தேன்.

“மருந்த வெச்சிட்டு எட்டப் போ. என் குஞ்சு மேல உன் கை படவேணாம்.”

தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தேன். அவளே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் மருந்தை விட்டாள்.

அடுத்த தவணைக்கும் மருந்து கொண்டுபோவேன். கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வருவேன். அதில் மாற்றமில்லை! ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகள்... அவற்றை எதில் வைத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன்?