டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை

என் மகளிடம் பொய் சொல்லி, அவளுடைய தமிழ்ப் பாடத்தைப் பறித்தவள் நான். பழியை அவளுக்குப் பிடித்த ஆசிரியை மேல் போட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யாழினிக்கு டிஸ்லெக்சியா. பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பாள். ஆனால் பேச்சு? சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறி விற்கிறவள் நான். பேரம் பேச வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு தோ பாயோ வீட்டுக்கு வருவேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் சொல்லச் சொல்ல, அவள் அதே குரலில் நடித்துக் காட்டுவாள்.

"இது முருங்கைக்காயா, எங்க வீட்டுக்காரரா? இப்படி வத்திப்போய்க் கிடக்கு!"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும்.

உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில், தேர்வுக்கான பாடங்களை முடிவு செய்யும் நேரம். அவளுடைய தமிழாசிரியை சந்திரா டீச்சர் என்னை வரச் சொன்னார்.

"வாய்மொழித் தேர்வுல அவதாங்க முதல். எழுத்து கஷ்டம்தான், ஃபெயிலாகவும் வாய்ப்பிருக்கு. ஆனா எக்ஸ்ட்ரா டைம் வாங்கலாம். தமிழ் வேணாம்னா விலக்கும் கேட்கலாம். எதுன்னாலும் அவகிட்டயே கேட்டுட்டுச் சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. விலக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கணக்குக்கு நேரம் கிடைக்கட்டும் என்றுதான்... அக்கம்பக்கத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. வாயாலேயே கடை நடத்துகிறவள் என்று சந்தையில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவளின் பெண்ணே தமிழில் ஃபெயில் என்று யாராவது சிரித்துவிட்டால்? பாடமே இல்லையென்றால் தோற்கவும் முடியாதே. அவளுக்காகவா செய்தேன்? எனக்காக.

அன்றிரவு யாழினியே பேச்சை எடுத்தாள். "நான் தமிழ் எடுக்கிறேன்மா. எக்ஸ்ட்ரா டைம் தருவாங்க லா, டீச்சர் சொன்னாங்க."

"உன்கிட்ட அப்படித்தான் சொல்வாங்க. என்கிட்ட, உனக்கு வராது, விட்டுடச் சொல்லுங்கன்னாங்க."

"சந்திரா டீச்சரா?"

"அவங்கதான்."

"ஓகே," என்றாள். அழக்கூட இல்லை.

அன்றோடு அவள் வாயிலிருந்து தமிழ் போயிற்று. இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். நான் சந்தைக் கதையை எடுத்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறாள். நாளெல்லாம் ஊரோடு பேசிவிட்டு வருகிறேன்... வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கிறது.

போன வாரம் சந்திரா டீச்சர் கடைக்கு வந்தார். "எம்ஆர்டி ரயில்ல யாழினியப் பார்த்தேங்க. கூப்பிட்டேன், முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடி போதும். நான் என்ன சொன்னேன், தெரியுமா?

"அவ யார்கிட்டயுமே அப்படித்தான் டீச்சர். மனசுல வச்சுக்காதீங்க."

கீரையைப் பையில் போட்டுக் கொடுத்தேன். நான் சொன்னதை நம்பிப் போனார்.

அன்று மாலை யாழினியின் அறை வாசலில் நின்றேன். சொன்னால் அவளுக்கு டீச்சர் திரும்பக் கிடைப்பார். நான் யாரென்றும் தெரிந்துவிடும். எத்தனையோ பேரைப் பேசியே வளைத்த நாக்குக்கு வந்தது இவ்வளவுதான்.

"சாப்பிட வா," என்றேன்.

"ஈட் ஆல்ரெடி," என்றாள், தலை நிமிராமல்.

கதவை மெல்லச் சாத்திவிட்டு, தனியே உட்கார்ந்து சாப்பிட்டேன்.