சகோதரர் மன்றமும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களாகிய நீங்கள் அவரைக் கல்லூரி ஆசிரியராக அறிவீர்கள். சகோதரர் மன்றத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது சிலருக்கே தெரியும். தங்கையாகிய நான் எனக்குத் தெரிந்தவரை அதை எழுதுகிறேன்.

தேவிகாபுரத்தை அடுத்த சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு அண்ணன் மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் வகுப்பு போய்விடும் என்பதால், ஆரணியிலேயே தங்க அறை தேடினார். உடன் படித்த இன்னொருவருக்கும் அறை தேவைப்பட்டது. அவருடைய பெயரையும் ஊரையும் நான் எழுத மாட்டேன். அது அண்ணனின் விருப்பம். அவர்களுடன் படித்த உள்ளூர்க்காரரான ஜேம்ஸ் அண்ணன் இருவரையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

அறை காலி என்று பலகை தொங்கிய ஒரு வீட்டில் உரிமையாளர் கேட்டார்.

“எந்த ஊரு தம்பி?”

“தேவிகாபுரம் பக்கங்க.”

“ஊருல எந்தத் தெரு?”

அண்ணன் பொய் சொல்லவில்லை. உடனே அவர், “நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாருப்பா” என்று கதவைச் சாத்திக்கொண்டார். பலகை மறுவாரமும் தொங்கியது.

ஜேம்ஸ் அண்ணன் நேராகத் தம் அப்பாவிடம் போய் நின்றார். அவர் தறி நெய்பவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “நூல் மூட்டைய அந்தாண்ட நகத்துடா. புள்ளைங்க படுக்கட்டும்” என்றார். அந்தப் பின்னறையில்தான் மூவரும் சகோதரர் மன்றத்தைத் தொடங்கினார்கள். அறை கிடைக்காத மாணவர் யார் வந்தாலும் சாதி, மதம் கேட்காமல் சேர்த்துக்கொள்வது, ஒருவருக்குத் துன்பம் என்றால் எல்லோரும் போய் நிற்பது என்று முடிவு செய்தார்கள். பிறகு தனி வீடு பிடித்து, பொதுவாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். படிப்பை நிறுத்திச் செங்கல் சூளைக்கு அனுப்பப்பட்ட ஒரு மாணவரை, அவர் தந்தையிடம் பேசி மீட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் இன்று வங்கியில் பணிபுரிகிறார்.

ஜேம்ஸ் அண்ணன் சேத்துப்பட்டில் பள்ளி ஆசிரியரானார். அண்ணனுக்குத் தாம் படித்த கல்லூரியிலேயே தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கடைசிவரை அது தற்காலிகமாகவே இருந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் பெயர் சொல்லாத மூன்றாமவர் வெளியூரில் பெரிய அதிகாரி ஆனார்.

ஒருமுறை மன்றத்து விழாவுக்கு அழைக்க அண்ணனும் ஜேம்ஸ் அண்ணனும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் தம் மனைவியிடம், “ஆபீஸ் வேலையா வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாராம்: “இங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாதுடா. இனிமே வீட்டுக்கு வராதீங்க.”

திரும்பும் வழியில் ஜேம்ஸ் அண்ணன் பேருந்திலேயே திட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் தடுத்து, “அவன திட்டாத. அவனுக்கு இன்னும் ரூம் கெடைக்கலடா” என்றாராம்.

மன்றம் உடைந்ததுதான் அண்ணனை உடைத்தது. பின்னால் வந்த மாணவர்கள் ஆளுக்கொரு சாதித் தலைவரின் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். சமையல் இரண்டானது. பிறகு அடிதடியில் முடிந்து, வீட்டுக்காரர் எல்லோரையும் வெளியேற்றினார். அண்ணன் இரு தரப்பிடமும் மாறி மாறிப் போனார். அவரிடம் படித்த ஒருவரே, “சார், நீங்க பேசிகினே இருப்பீங்க. அடி வாங்குறது நாங்க” என்றார். அதன்பின் அண்ணன் வீட்டில் பேசுவதே குறைந்துபோனது.

சிறுநீரகம் செயலிழந்து, வேலூர் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது நான் கேட்டேன்: “மன்றத்து ஆளுங்களுக்குச் சொல்லட்டுமா அண்ணா?”

“எந்த மன்றம்?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் போன அன்று தெருமுனையில் அந்த இரு தரப்பும் ஆளுக்கொன்றாக இரண்டு பேனர்கள் கட்டினார்கள். இரண்டிலும் அண்ணனின் படம் இருந்தது. ஊர்வலத்தில் எது முன்னால் போவது என்று பெரிய வாக்குவாதம். அண்ணனை வாசலில் கிடத்தியபடி நாங்கள் காத்திருந்தோம். கடைசியில் ஜேம்ஸ் அண்ணனும் எங்கள் தெருக்காரர்களும் பேனர் எதுவும் இல்லாமல் பின்பக்கச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேலூருக்கு ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்து உடன் வந்த ஜேம்ஸ் அண்ணனுக்கும், அண்ணனைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், வர முடியாமல்போன அந்த நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சகோதரர் மன்றத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என்று இக்கட்டுரையை முடிக்கும்படி சிலர் கேட்டுக்கொண்டார்கள். எழுதிப் பார்த்தேன். அதில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன்.