மூக்கில்லாத வண்டு

எங்களுக்கு வருஷத்துக்கு ஒரே வெள்ளாமைதான். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாயை நம்பிய ஊர்களில் இதுதான் வழக்கம். விதை நெல்லில் கோட்டை விட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் விதை நெல் என் பொறுப்பு. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் என்பதால், கல்யாணமாகி வந்த முதல் வருஷமே பூச்சி விவகாரமெல்லாம் என் தலையில் விழுந்தது. எனக்கும் அதில் பெருமைதான். யாராவது வண்டு என்று வாயெடுத்தால் போதும், பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன்.

போன வருஷம் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பங்குனியில் விதை மூட்டைகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினோம். மாற்றும்போதே சாக்கின் மேல் மூக்கு வண்டுகள் ஊர்ந்தன. நெல்லைக் காயவைத்துப் புடைத்து, வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கட்டினேன். வாரம் ஒருமுறை ஒரு படி நெல்லைச் சுளகில் பரப்பி வண்டுகளை எண்ணுவேன். முதல் வாரம் முப்பதுக்கு மேல் இருந்தன. சித்திரைக் கடைசியில் ஏழெட்டு. ஆனியில் ஒன்றுகூட இல்லை.

“வேப்பெல வேலை செய்யுதுங்க,” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“படிச்ச படிப்பு வீண்போகல,” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுளகில் மாவு மாதிரி தூள் விழுந்தது. உமித்தூசி என்று ஊதிவிட்டேன். விதைக்குமுன் ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்ப்பது எல்லா வீட்டிலும் செய்வது. வண்டே இல்லாத நெல்லுக்கு அது எதற்கு என்று அதையும் விட்டேன்.

விதைத்தோம், மழையும் பெய்தது. எட்டாம் நாள் பக்கத்து வயல் பச்சை கட்டியது. எங்கள் வயல் சொட்டை விழுந்த தலை மாதிரி அங்கங்கே திட்டுத்திட்டாகக் கிடந்தது.

வீட்டுக்காரர் மிச்சமிருந்த அரை மூட்டையை அவிழ்த்து ஒரு நெல்லை நகத்தால் கிள்ளினார். உள்ளே வெறும் மாவு. அதிலிருந்து ஒரு குட்டி வண்டு நடந்து வந்தது.

“இங்கன பாரு, இதுக்கு மூக்கு இல்லையே. இது வேறயா?”

உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன், வேறுதான். பரீட்சையில் இந்த இரண்டு வண்டுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவள் நான். இரண்டு வண்டும் தின்பது ஒரே நெல்லைத்தான். சூடு கொஞ்சம் குறைந்திருந்தால் மூக்கு வண்டு பெருகி மற்றதை ஒழித்துவிடும். சூடு ஏறினால் மூக்கில்லாதது பெருகி மூக்கு வண்டை ஒழிக்கும். கோடையில் அந்தத் தகரம் எப்படிக் கொதித்தது என்று எனக்குத் தெரியாதா? வேப்பிலை ஒன்றும் கிழிக்கவில்லை. மூக்கு வண்டு போன இடத்தில் இது குடியேறி, நெல்லுக்குள்ளேயே கிடந்து தின்றிருக்கிறது. நான் வெளியே ஊர்ந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மூட்டையைக் கட்டிவைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வயலில் தண்ணீர் நின்றதால் மறுபடி விதைக்க வழியில்லை. பயிர் கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்து வயல்கார அக்கா, தன் வயலில் அடர்ந்து நின்ற இடத்தில் பிடுங்கி எங்கள் சொட்டையில் நட்டுக்கொள்ளச் சொன்னார். மூன்று பேரும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

“ஏத்தா, ஒங்க வெத நல்ல நெல்லாச்சே, என்னாச்சு?” என்று அக்கா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், “மழை முந்திருச்சுக்கா, வெத அழுகிப்போச்சு,” என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நிமிர்ந்தேன். “மழை ஒண்ணும் பண்ணலக்கா. வண்டு தின்ன நெல்லு. நாந்தான் நல்லாருக்குன்னு சொல்லி வெதைக்க வச்சேன்.”

அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, குனிஞ்சு பிடுங்கு. இன்னும் பாதி வயல் கெடக்குல்ல.”