வெற்றி ஊர்வலத்துக்குப் போகாத கேப்டன்

லெபரெக்ட் ரானிஷ் முப்பது வருஷம் பிரஷ்யப் படையில் இருந்தார். அதில் முதல் இருபத்துநாலு வருஷம் சண்டையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பொமரேனியாவில் ஒரு கிராமத்துப் பாதிரியாருக்கு ஏழாவது பிள்ளை. பிரபு வம்சம் இல்லை, சிபாரிசு செய்ய மாமன் மச்சான் யாரும் இல்லை. பதினோரு வயதில் படைப்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். பத்தொன்பதில் லெப்டினன்டாகி, ஆல்டன்ஹாகன் என்ற சின்னப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார். அப்புறம் அந்தப் பட்டணத்து மைதானம்தான் அவருக்கு உலகம். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் புதுப் பையன்கள் வருவார்கள். ஏர் பிடித்த கைகள், எது இடது எது வலது என்று தெரியாத கால்கள். இடது காலில் வைக்கோலும் வலது காலில் பச்சைப் புல்லும் கட்டிவிட்டு, "வைக்கோல்! புல்! வைக்கோல்! புல்!" என்று தொண்டை வற்றக் கத்தி நடக்கப் பழக்குவார். அவர்கள் ஒழுங்காக நடக்க ஆரம்பிக்கும்போது ஊருக்குப் போகும் காலம் வந்துவிடும். அடுத்த கூட்டம் வந்து நிற்கும்.

மருந்துக்கடைக்காரர் மகள் ஆடெல்ஹைட்டை நிச்சயம் செய்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசரின் அனுமதி வேண்டும். வெறும் லெப்டினன்டுக்கு அது சுலபத்தில் கிடைக்காது. ஒன்பது வருஷம் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மருந்துக்கடை ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பார். அவள் தையலைக் கீழே வைக்காமலே கேட்பாள்.

"என்ன, அரசர் இந்த வாரமாவது நம்மள நெனச்சாரா?"

"இல்ல. எங்க கேப்டனுக்குத்தான் பதவி உயர்வு."

"நல்லது. மேஜை விரிப்பு பன்னெண்டு ஆச்சு. இன்னும் ரெண்டு வருஷம் போனா ரெஜிமென்டுக்கே சாப்பாடு போடலாம்."

1859இல் கேப்டன் ஆனார். அந்த வசந்தத்திலேயே கல்யாணம். பிள்ளைகள் பிறக்கவில்லை. அவர் நடத்திய படைப்பிரிவான கம்பெனியில் இருந்த பையன்களின் பெயர், ஊர், அம்மா பெயர் எல்லாம் ஆடெல்ஹைட்டுக்கு அத்துப்படி.

1866 ஜூலையில் போஹிமியாவில் ஆஸ்திரியப் படையோடு சண்டை நடந்தது. காலையிலிருந்து மழை. ஆள் உயரக் கோதுமைக்குள் போன அவருடைய பையன்களில் இருபத்தாறு பேர் திரும்பவில்லை. ஒரு பகல் பொழுதில் சண்டை முடிந்து பிரஷ்யா ஜெயித்துவிட்டது என்றார்கள். ரானிஷுக்குக் கடைசிவரை நினைவில் நின்றது நனைந்த கோதுமையின் வாசனைதான்.

அதற்குப் பிறகுதான் காலரா வந்தது. மொராவியாவில் முகாம் போட்டிருந்தபோது பையன்கள் ஒவ்வொருவராகச் சுருண்டார்கள். அவருடைய கம்பெனியில் மட்டும் முப்பத்தொரு பேர். ஒரு குடியானவனின் களஞ்சியத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் உத்தரவு வந்தது: பெர்லினில் நடக்கும் வெற்றி ஊர்வலத்துக்கு ரெஜிமென்டிலிருந்து அனுப்பும் பிரிவை ரானிஷ் நடத்திப்போக வேண்டும். நோயாளிகளை ஒரு மருத்துவ உதவியாளிடம் விட்டுவிடலாம்.

அவர் நேராகக் கர்னலிடம் போனார்.

"நான் இங்கேயே இருந்துக்கிறேன் ஐயா. ஊர்வலத்துக்கு வேற யாரையாவது அனுப்புங்க."

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார். "ரானிஷ், உமக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? அரசர் குதிரைல உக்காந்து பாத்துட்டிருப்பார். உம்ம வயசுக்கு மேஜர் ஆக இதவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?"

"கிடைக்காது ஐயா."

"நீர் வைத்தியரா? இங்க இருந்து என்ன பண்ணப் போறீர்?"

"தண்ணி தூக்குவேன். வைக்கோல், புல்லுன்னு நடக்கக் கத்துக் குடுத்தவன் நான். அம்மா அப்பா இல்லாத ஊர்ல விட்டுட்டு எப்படிப் போறது?"

கர்னல் பேனாவை மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "உம் இஷ்டம். ஆனா இத மேல இருக்கறவங்க மறக்க மாட்டாங்க."

ஐந்து வாரம் அந்தக் களஞ்சியத்தில் கழிந்தது. ரானிஷ் சட்டைக் கையை மடித்துவிட்டு வைக்கோல் மாற்றினார், தண்ணீர் கொதிக்க வைத்தார், வாளிகளைக் கழுவினார். பொஜெனா என்ற அந்த வீட்டுக்காரி முதல் நாள் துடைப்பத்தோடு வந்து அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். அவள் மொழியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. திட்டுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. மூன்றாம் நாள் பார்லி கஞ்சி கொண்டுவந்தாள், அப்போதும் கத்திக்கொண்டேதான். சார்ஜென்ட் பாப்கே பிழைக்க மாட்டான் என்று எல்லாரும் கைவிட்ட பிறகும் அவன் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினவள் அவள்தான். கண் விழித்ததும் பாப்கே கேட்டான்: "கேப்டன் ஐயா, இந்தம்மா எதுக்கு என்னத் திட்டுது?"

"தெரியலடா. நீயும் திருப்பித் திட்டு. தெம்பு வந்துட்டதான்னு பாப்போம்."

பதினோரு பேர் அங்கேயே இறந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரே கடிதம் எழுதினார். அம்மாவின் பெயர் ஞாபகம் வராவிட்டால் ஆடெல்ஹைட்டுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார்.

மிச்சம் இருபது பேரோடு அக்டோபரில் ஊர் திரும்பினார். ஆல்டன்ஹாகனில் கொண்டாட்டம் எல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தோரணங்களைக் கழற்றிவிட்டார்கள். ரயிலடியில் ஆடெல்ஹைட் மட்டும் நின்றிருந்தாள். எலும்பும் தோலுமாக இறங்கின பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினாள். கடைசியாகத்தான் புருஷனைப் பார்த்தாள்.

"சட்டை எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சே," என்றாள்.

ரயிலடியிலிருந்து ஊருக்குள் போகும் சாலையின் இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல்கள். அறுவடைக் காலம். தோண்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் பாப்கேயின் அம்மாவும் இருந்தாள். மகனை அடையாளம் தெரிந்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும் வந்தார்கள்.

"பூவெல்லாம் மத்தவங்களுக்குப் போட்டுத் தீத்துட்டோம், கேப்டன் ஐயா! எங்ககிட்ட இதுதான் இருக்கு!" என்று ஒருத்தி சொல்லி, பையன்களின் தொப்பிகளில் உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டாள். மண்ணோடு, ஈரத்தோடு. பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். கால் தடுமாறியது, வரிசை கலைந்தது. முப்பது வருஷ வாழ்க்கையில் வரிசை கலைந்ததற்காக அவர் யாரையும் அதட்டாத ஒரே நாள் அதுதான். பிற்காலத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து அந்தச் சாலையில்தான் வந்து நிற்பார்.

கர்னல் சொன்னது பலித்தது. மேஜர் பட்டியலில் மூன்று முறை அவரைத் தாண்டி இளையவர்கள் போனார்கள். 1870இல் எல்லாரும் பிரான்சோடு சண்டைக்குப் போனபோது, ரானிஷ் ஆல்டன்ஹாகனில் புதுப் பையன்களுக்கு வைக்கோலும் புல்லும் கட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற அன்று வெறும் பெயருக்கு மேஜர் பட்டம் கொடுத்தார்கள். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கேப்டன் என்றே நிலைத்துவிட்டது.

அவருக்கு அறுபத்தைந்து வயதானபோது ரெஜிமென்டின் வரலாறு தடித்த புத்தகமாக அச்சாகி வந்தது. தச்சுப்பட்டறை வைத்திருந்த பாப்கே அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான்.

"பாருங்க ஐயா, என்ன எழுதியிருக்கான்னு! அறுபத்தாறாம் வருஷம் இலையுதிர் காலத்துல கேப்டன் ரானிஷ் உடல்நலமில்லாம விடுப்புல இருந்தாராம்! எவன் எழுதுனான் இத? போய்க் கேக்கட்டுமா?"

ரானிஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "விடுடா பாப்கே. வியாதிக்காரங்களோட இருந்தேன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. எழுதுன புள்ள கொஞ்சம் சுருக்கிட்டான்."

பாப்கே போன பிறகு வெகுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆடெல்ஹைட் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"வருத்தமா?"

"வருத்தம்னு இல்ல. ஆனா அந்த ஊர்வலத்த ஒரு தடவ பாத்திருக்கலாம்னு தோணும். பெர்லின் நகரத்துப் பெரிய வாசல் வழியா, முரசு முழங்க... மனுஷன்தானே."

"இருபத்திரண்டு வருஷமா இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அடுத்த மே மாதம் அவள் அவரைப் பெர்லினுக்கு இழுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை, தூறல். சாதாரணக் கறுப்புக் கோட்டில், கையில் குடையோடு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய வாசலுக்குள் நடந்தார் ரானிஷ். நடு வளைவு அரச குடும்பத்துக்கு மட்டும் என்று காவலாள் கை காட்டினான். பக்கத்து வளைவில் போனார்கள். முதுகை நிமிர்த்தி, எண்ணி எண்ணிக் கால் எடுத்து வைத்தார்.

பின்னாலிருந்து வண்டிக்காரன் ஒருவன் கத்தினான்: "பெரியவரே, படை நடத்துறீங்களோ? சீக்கிரம் நடங்க, குதிரை நனையுது!"

"நடத்துறாரு, நடத்துறாரு! பொறுத்துக்க!" என்று ஆடெல்ஹைட் திரும்பிக் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி ரானிஷ் கேட்டதே இல்லை. சிரிப்பில் நடை குலைந்தது.

வாசலைத் தாண்டியதும் அவளுக்குச் செருப்பு கடித்தது. பக்கத்திலிருந்த ஒரு கடையில் உட்கார்ந்து இறைச்சித் துண்டு போட்ட பட்டாணிச் சூப் சூடாக வாங்கிக் குடித்தார்கள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"வாசல் நல்ல உயரம்தான்," என்றார் அவர். தன் தட்டிலிருந்த பெரிய துண்டு இறைச்சியை அவள் தட்டுக்கு மாற்றி வைத்தார்.